காலால் அழித்த தடம்

மய்லிஸ் கஸ்நாவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம். அன்றைக்கோ காரணங்கள் வரிசை கட்டி நின்றன. பாப்லர் மரத்துப் பஞ்சு பறந்து வந்து இமையில் ஒட்டிக்கொண்டது. காற்று ஒரு திசையில் அடித்துத் தொலைக்காமல் கோர்ட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேறு கூட்டமாக அழைத்து வந்து மூன்று வரிசை நிறைய உட்கார வைத்திருந்தார்கள். அந்த வாண்டுகள் அவள் பந்தைத் தூக்கிப் போடப் போகும் சமயமாகப் பார்த்து "மய்-லிஸ்! மய்-லிஸ்!" என்று கத்திக் கைதட்டின. அன்பினால்தான். ஆனால் அன்பாகக் கத்தினாலும் கத்தல் கத்தல்தான்.

பாரிஸில் நடக்கும் ரோலாண் கரோஸ் டென்னிஸ் போட்டி தொடங்குவதற்கு முந்தைய வாரம் அது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். இதில் ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் பெரிய ஆட்டத்தில் அவள் பெயர் இருக்கும். தோற்றால் ரயில் ஏறிச் சொந்த ஊரான டார்ப்ஸுக்குத் திரும்ப வேண்டியதுதான். தோற்றவர்களில் சிலருக்குச் சீட்டுக் குலுக்கி இடம் கொடுப்பார்கள். அதற்கும் அவளுடைய தரவரிசை எட்டாது. முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. பிரான்சில் பிறந்து, செம்மண்ணில் விழுந்து எழுந்து வளர்ந்து, அந்தப் பெரிய ஆட்டத்தில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. வருஷா வருஷம் வருவாள். இதே கடைசிப் படியில் கால் இடறி விழுவாள். இந்தத் தடவை முழங்கால் வைத்தியரும் கையை விரித்துவிட்டார். ஆகவே அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. அதை அவளும், அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் ரெமியும், டார்ப்ஸில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவர்கள் அம்மாவும் மட்டும் அறிவார்கள். அம்மா கடைக்கு வருகிற பெண்மணிகள், தலையில் சாயம் காய்கிற நேரத்தில், "ஒங்க பொண்ணு இந்த வருஷமாவது டிவியில வருமா?" என்று கேட்காமல் எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை.

எதிரில் ஆடியவள் ரோசியோ என்ற அர்ஜென்டினாக்காரி. இருபது வயது. எந்தப் பந்தை அடித்தாலும் திருப்பி அனுப்பினாள். சுவரில் அடித்தாலும் சுவர் ஒரு நாள் விரிசல் விடும். இவள் விடமாட்டாள் போலிருந்தது.

தகராறு முதல் செட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. மய்லிஸ் ஓடிப்போய் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஒரு பந்தை அடித்தாள். அடித்த கணமே அது உள்ளே விழுந்ததென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோட்டைக் கவனிக்க நின்ற கோட்டு நடுவர் கையை நீட்டி "அவுட்" என்றார். மய்லிஸ் ராக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். தடத்தைப் பார்க்கச் சொல்கிறாள் என்று அர்த்தம். செம்மண் கோர்ட்டில் அதுதான் வழக்கம். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். தலைமை நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்ப்பார். தடம் கோட்டைத் தொட்டிருந்தால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே.

நடுவர் ஹெர்மன்ஸ் ஒரு பெல்ஜியக்காரர். நெட்டை மனிதர். பல் வைத்தியரின் பொறுமை அவருக்கு. நிதானமாக இறங்கி, நிதானமாக நடந்து, நிதானமாகக் குனிந்து, ஒரு தடத்தை விரலால் காட்டினார்.

"அவுட்தான் மேடம்."

"சார், அது பழைய தடம். போன கேம்ல விழுந்தது. என் பந்து அதுக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு, கோட்டு மேலயே!"

"இதுதான் மேடம் தடம். கோட்டுக்கும் இதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, பாருங்க."

"இடைவெளி ஒங்க கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுலதான் இருக்கு!"

பிள்ளைகள் ஆரவாரித்துச் சிரித்தன. ஹெர்மன்ஸ் சிரிக்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மய்லிஸ் வலையைச் சுற்றிக்கொண்டு எதிராளியின் பக்கமே போய்விட்டாள். அப்படிப் போகக்கூடாது என்று பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போனவள் வேறொரு தடத்தைச் சுற்றி ராக்கெட்டால் வட்டம் போட்டு, "இதோ! இதோ! நான் பாத்தேன்! என் கண்ணு பொய் சொல்லாது!" என்று கூவினாள். ஹெர்மன்ஸ் நாற்காலியில் ஏறி, ஒலிவாங்கியில், நடத்தை விதியை மீறியதற்காக எச்சரிக்கை என்று அறிவித்தார். தடமும் போயிற்று, பாயிண்டும் போயிற்று. அந்தப் பந்தையே நினைத்துக்கொண்டு ஆடியதில் கொஞ்ச நேரத்தில் செட்டும் போயிற்று. நாலுக்கு ஆறு.

இடைவேளையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் ரெமி உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன், முழங்காலில் பாதி தின்ற, பன்றிக்கறி வைத்த ரொட்டி. அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கம்பி ஓரமாக வந்து குனிந்தான்.

"மய்லிஸ். இங்க பாரு."

"பாத்தியா அண்ணா அந்த ஆள? குருடன்! எல்லா வருஷமும் எனக்குன்னு ஒரு குருடன அனுப்பி வைக்கறாங்க. நீ பாத்த இல்ல? உள்ளதான விழுந்துச்சு?"

ரெமி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அத விடுடி. இனிமே தடத்தப் பாக்காத. அவ பந்து உள்ள விழுந்தா கால வச்சுத் தேச்சுட்டுப் போயிட்டே இரு. சின்னப் புள்ளையில சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன. டார்ப்ஸ் கிளப்பில் பிள்ளைகள் ஆடும் கோர்ட்டுக்கு நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு. மய்லிஸ் ஒவ்வொரு தடத்துக்கும் அழுவாள். தடத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். அதற்குள் பொழுது சாய்ந்து அம்மா காரில் வந்து ஹாரன் அடிப்பாள். அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். எதிராளி பந்து நல்ல பந்து என்று தோன்றினால் உடனே காலால் தடத்தைத் தேய்த்துவிட வேண்டும். "தேச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது" என்பான். தடம் இல்லையென்றால் அழுவதற்கு எதுவும் இருக்காது அல்லவா? அவன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. செம்மண்ணில் ஆடுகிற எல்லாருக்கும் அதே வழக்கம்தான், விதிப்புத்தகத்திலும் அதேதான். தன் பக்கத்துத் தடத்தைத் தானே அழித்தவர், எதிராளியின் பந்தை ஒப்புக்கொண்டவர்.

இரண்டாவது செட்டில் மய்லிஸ் அப்படியே செய்தாள். ரோசியோவின் பந்து கோட்டை ஒட்டி விழுந்து தாண்டிப் போகும். மய்லிஸ் பல்லைக் கடிப்பாள். வலது காலால் ஒரே தேய். தடம் போகும்; கோபமும் கொஞ்சம் போகும்; திரும்பி நடப்பாள். யாரோ தலைக்குள் ஜன்னலைத் திறந்துவிட்டது போல அவளுக்கு இலேசாக இருந்தது. ஆறுக்கு இரண்டு என்று அந்தச் செட்டை வாரிக்கொண்டாள். பிள்ளைகளின் கூச்சல்கூட இனித்தது. ஹெர்மன்ஸ் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. அவர் நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். கோபத்தில் பெரும்பகுதியைக் காலால் தேய்த்துவிட்டாலும், அந்த மனிதருக்கென்று ஒரு கைப்பிடியை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

மூன்றாவது செட் இழுத்தது. முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. சாக்ஸ் கணுக்கால் வரை சிவந்துவிட்டது. ஐந்துக்கு நாலு என்று மய்லிஸ் முன்னால் இருந்தாள், சர்வீஸும் அவளுடையது. நாற்பதுக்கு முப்பது. மேட்ச் பாயிண்ட்.

கோர்ட்டைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து கம்பியில் தொற்றிக்கொண்டார்கள். ரெமி கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை வருஷமாகச் சோறு தண்ணி மறந்து அலைந்தது இந்த ஒரு பாயிண்டுக்குத்தான்.

சர்வீஸ் போட்டாள். ரோசியோ திருப்பினாள். மய்லிஸ் அடித்தாள், ரோசியோ திருப்பினாள். மய்லிஸ் மறுபடி அடித்தாள், சுவர் மறுபடி திருப்பியது. பிறகு ரோசியோ துணிந்து ஒரு பந்தை ஆழமாக அடித்தாள். பந்து மய்லிஸின் காலடிக்கு முன்னால், பின்கோட்டில் விழுந்து, ராக்கெட்டுக்கு எட்டாமல் எகிறிப் போயிற்று.

கோட்டில் பட்டுவிட்டது. பார்த்தாள். சந்தேகமே இல்லை. பாழாய்ப் போகிறவள், மேட்ச் பாயிண்டில் இப்படியா அடிப்பாள்! மய்லிஸ் பல்லைக் கடித்தாள். வலது கால் தானாகப் போய் ஒரே தேய்.

அப்புறம்தான் சத்தம் வேறு மாதிரி இருப்பது அவளுக்கு உறைத்தது. பிள்ளைகள் தொப்பிகளை மேலே வீசிக்கொண்டிருந்தன. ரெமி கம்பியைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற கோட்டு நடுவர் கையை நீட்டியபடி நின்றார். அவுட். கூச்சலிலும் காற்றிலும் அவர் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. அவுட் என்றால் ஜெயித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம். அம்மாவின் கடையில் டிவி.

ரோசியோ அதற்குள் வலை வரை ஓடி வந்திருந்தாள். "தடம்! தடம் பாருங்க! அவங்க தேச்சாங்க, நான் பாத்தேன்!" என்று, தெரிந்த பிரெஞ்சையும் தெரியாத பிரெஞ்சையும் கலந்து கத்தினாள்.

ஹெர்மன்ஸ் இறங்கி வந்தார். அதே நிதானம். பின்கோட்டருகே குனிந்தார். தடம் இருந்த இடத்தில் ஒரு காலணித் தேய்ப்புதான் இருந்தது. நிமிர்ந்து மய்லிஸைப் பார்த்தார்.

"மேடம், கோட்டு நடுவர் அவுட்னு சொல்லியிருக்கார். நான் அந்த நேரம் அவரத்தான் பாத்துட்டிருந்தேன், ஒங்க காலப் பாக்கல. தடம் கலைஞ்சிருக்கு. ஓடும்போது கால் பட்டுக் கலைஞ்சுதா, இல்ல நீங்களா அழிச்சீங்களா?"

ரெமி கம்பிக்குப் பின்னாலிருந்து, "ஓடும்போது! ஓடும்போது கலைஞ்சுது!" என்று அலறினான்.

ஓடும்போது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் கோட்டு நடுவரின் அவுட்டே நின்று, கதை அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரை வந்ததா என்றால் வந்தது. ஆனால் மய்லிஸ் ஹெர்மன்ஸின் முகத்தைப் பார்த்தாள். அந்த நிதானத்தைப் பார்த்தாள். முதல் செட்டில் பழைய தடத்தைக் காட்டி ஏமாற்றிய அதே விரலைப் பார்த்தாள். பத்திரமாக வைத்திருந்த அந்தக் கைப்பிடிக் கோபம் குப்பென்று ஏறியது.

"நான்தான் அழிச்சேன்," என்றாள், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஏன்னா பந்து கோட்டுல பட்டுச்சு. நான் பாத்தேன். எனக்கு சாதகமா இருந்தாலும் இல்லாட்டியும் நான் பாத்ததத்தான் சொல்லுவேன். ஒங்கள மாதிரி இல்ல சார், எனக்குக் கண்ணு தெரியும்!"

ஹெர்மன்ஸ் தலையசைத்தார். "அப்ப பாயிண்ட் அவங்களுக்கு மேடம்."

கோர்ட்டே கைதட்டியது. இப்படி ஒரு நேர்மையா என்று ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மய்லிஸ் தலை நிமிர்ந்து நடந்தாள். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! முடிசூட்டிக்கொண்டு போகிறவளின் நடை. ரெமி மட்டும் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எப்படி என்று பார்க்க விரும்பியவர்கள் அடுத்த கால்மணி நேரம் அங்கே இருந்திருக்கலாம். நாற்பதுக்கு நாற்பது என்ற டியூஸில் இரண்டு சர்வீஸையும் வலையில் போட்டாள். அடுத்த பந்தை வேலிக்கு அனுப்பினாள். ஐந்துக்கு ஐந்து. அப்புறம் முழங்கால் பேச ஆரம்பித்தது; ரோசியோ பேசாமல் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஐந்துக்கு ஏழு. முடிந்தது.

வலையருகே ரோசியோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, நீங்க ரொம்ப நல்லவங்க. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." இதைக் கேட்டு மய்லிஸுக்கு ஆறுதலா வந்தது? அந்தப் பெண்ணின் தலைமுடியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது. ஹெர்மன்ஸுக்கு விரல் நுனியை மட்டும் கொடுத்தாள். அப்போதும் அவளுக்குள் ஒரு திருப்தி மிச்சமிருந்தது. தோற்றாலும் அவர் மூக்கை உடைத்தாயிற்று. அந்தத் திருப்தியைப் பிடித்துக்கொண்டு குளித்து, உடை மாற்றி, வெளியே வந்தாள்.

மைதானத்தை ஒட்டிய தோட்டத்துக் கண்ணாடிப் பசுமைக்குடில் பக்கத்தில், கம்பிவேலி ஓரம், ரெமி அவள் பையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஒனக்கென்ன பைத்தியமாடி?"

"நீதான தேய்க்கச் சொன்ன?"

"அவுட்னு கூப்பிட்டப்புறமாடி தேய்க்கச் சொன்னேன்? காது எங்க போச்சு? தேச்சதுதான் தேச்ச, ஓடும்போது கலைஞ்சுதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அது உள்ள விழுந்துச்சு அண்ணா. நான் பாத்தேன். பொய் சொல்லி அந்தப் பெரிய ஆட்டத்துக்குள்ள போகணுமா? நாளைக்கு மூஞ்சியக் கண்ணாடியில பாக்க வேண்டாமா?"

ரெமி செல்போனை எடுத்து நீட்டினான். அந்தக் கோர்ட்டு ஆட்டத்தையும் செல்போனில் காட்டுகிறார்கள். பந்து விழுந்த இடத்தைக் கேமராக்கள் கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காகத்தான் அது, நடுவர் அதைப் பார்ப்பதில்லை. படத்தில் வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே ஒரு நீள்வட்டம். நடுவில் ஒரு விரல் நுழைகிற செம்மண்.

மய்லிஸ் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். மறுபடி ஓட விட்டாள். நீள்வட்டம் நகரவில்லை.

"அவுட்," என்றாள்.

"அவுட்."

"நான் ஜெயிச்சிருந்தேன்."

ரெமி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிராததைப் பார்த்து அவளுக்கு இன்னொரு நினைப்பு வந்தது.

"மொத செட்டு பந்து? அதக் காட்டு."

"அது எதுக்கு இப்ப? வா, ரயிலுக்கு நேரமாச்சு."

"காட்டு அண்ணா."

காட்டினான். பக்கவாட்டுக் கோடு. அதற்கு வெளியே நீள்வட்டம். ஹெர்மன்ஸ் விரலால் காட்டிய அதே இடம். அவள் ராக்கெட்டால் வட்டம் போட்ட இடத்தில் அந்தப் பந்து விழவே இல்லை.

"இத எப்ப பாத்த நீ?"

"அப்பவே."

"அப்பவே பாத்தும் ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியா? சொல்லியிருந்தா என்கூடச் சண்ட போட்டுட்டு ரெண்டாவது செட்டையும் விட்டிருப்ப. அதான் தேச்சுட்டுப் போன்னேன்."

"சொல்லியிருந்தா, கடைசியில அந்த ஆளு கேட்டப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்டா!" டா என்று வந்துவிட்டது, இருவருமே அதைக் கவனிக்கவில்லை. "நேர்மைன்னு எல்லாரும் கை தட்டுனாங்களே, நான் நேர்மைக்காகவா சொன்னேன்? அந்த ஆள் மூக்க ஒடைக்கணும்னு சொன்னேன். அவரு ரெண்டு தடவையும் சரியாத்தான் இருந்திருக்காரு. கோட்டுல நின்னவங்களும் சரி. இன்னைக்கு அந்தக் கோர்ட்டுல கண்ணு தெரியாம நின்னது நான் ஒருத்திதான்."

அழுகை வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வரவில்லை. சின்னப் பிள்ளையில் ஒவ்வொரு தடத்துக்கும் அழுத கண், இப்போது வறண்டு கிடந்தது. தடம் இருந்தால் அல்லவா உட்கார்ந்து அழுவதற்கு? அதைத்தான் தேய்த்தாயிற்றே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், அதுவும் உலகத்திலேயே பெயர் பெற்ற மண்ணை.

"பைய நீயே தூக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். ரெமி கூப்பிட்டான். திரும்பவில்லை.

சுரங்க ரயிலில் கூட்டம். வெறுங்கையோடு ஏறி ஓரமாக ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் போட்டியின் பெயர் போட்ட புதுத் தொப்பியோடு ஒரு அம்மாள். மடியில் ஒரு பை நிறைய சாமான். மய்லிஸின் காலணியில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது.

"அங்கேருந்துதான் வரீங்களா? நானும் அங்கதான். நான் மேல, கடைசி வரிசை. ஒண்ணுமே சரியாத் தெரியல. கை தட்டும்போது நானும் தட்டினேன், அவ்ளோதான்." அவள் சிரித்தாள். "ஒங்களுக்கு நல்ல எடம் கெடச்சுதா? பந்து விழறதெல்லாம் தெரிஞ்சுதா?"

ரயில் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. மய்லிஸ் தன் வலது காலைப் பார்த்தாள்.

"ரொம்பக் கிட்டத்துலதான் இருந்தேன்," என்றாள். "எனக்குத்தான் தெரியல."